ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க குடிக்கலாமா?



மாதாமாதம் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை என்று பேசுகிறோம். இந்த மாதம் ஒரு சின்ன மாத்திரையைப் பற்றிப் பேசுவோம். இதய வால்வு ஆபரேஷன் ஆனவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், இதயம் தாறுமாறாகத் துடிக்கிறவர்கள் பலருக்கு ‘ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை’ கொடுக்கிறார்கள். சிலருக்கு அது ஆறு மாதம். பலருக்கு ஆயுள் முழுக்க. அந்த மாத்திரை இருக்கிற வீட்டிலேயே குடியும் இருந்தால் என்ன செய்வது?

ஆலத்தூர் நாட்டில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். (இது யார் வீட்டுக் கதையும் இல்லை. நமக்குப் புரிவதற்காகச் சொல்கிறோம்.) வீட்டுக்காரருக்கு வால்வு மாற்றியிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் மாத்திரை. ஆடிப் பதினெட்டு வருகிறது, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கிறார்கள். அவர் சொல்கிறார்: “மாத்திரையும் சரக்கும் சேரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதனால ரெண்டு நாளைக்கு மாத்திரை வேணாம். பண்டிகை முடிஞ்சதும் போட்டுக்கறேன்.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மனைவியும் “சரி, ரெண்டும் சேராம இருந்தா போதும்” என்று விட்டுவிடுகிறார். ஆனால் உயிரைப் பறிக்கக்கூடிய தவறு இதுதான். ஏன் என்று பார்ப்போம்.

இந்த மாத்திரை என்ன செய்கிறது?

கை அறுபட்டால் சிறிது நேரத்தில் ரத்தம் தானாகக் கட்டி நின்றுவிடுகிறது. அது உடம்பு நமக்குச் செய்யும் காவல். ஆனால் ரத்தக் குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டினால் ஆபத்து. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். நுரையீரலுக்குப் போனால் மூச்சு அடைக்கும். உலோகத்தால் செய்த செயற்கை வால்வின் மேல் கட்டினால் வால்வு திறக்காமல் சிக்கிக்கொள்ளும்.

1990 டிசம்பர் 6-ஆம் தேதி திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், நம் நாட்டிலேயே உருவாக்கிய செயற்கை வால்வை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான். அவர் 2024-ஆம் ஆண்டு காலமானார். வெளிநாட்டு வால்வை விட விலை குறைவு என்பதால் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது உதவியது. ஆனால் எந்த ஊரில் செய்த உலோக வால்வாக இருந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும்.

நம் பக்கம் அதிகம் எழுதிக்கொடுப்பது அசிட்ரோம், வார்ஃபரின் என்ற மாத்திரைகள். பெயருக்கு ‘ரத்தத்தை இளக்கும் மாத்திரை’ என்று சொன்னாலும் ரத்தம் தண்ணீராகிவிடாது. ரத்தம் கட்டுவதற்குத் தேவையான சில சத்துகளைக் கல்லீரல்தான் வைட்டமின் கே-யை வைத்துத் தயாரிக்கிறது. அந்த வேலையை மாத்திரை மெதுவாக்குகிறது. அதனால் ரத்தம் கட்ட நேரம் ஆகிறது.

மாட்டுத் தீவனத்தில் கிடைத்த மருந்து

இந்த மருந்து கிடைத்த கதை மாடு வளர்க்கிற நமக்கு நன்றாகப் புரியும். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கொட்டிச் செத்தன. கொம்பு சீவினால் கூட ரத்தம் நிற்கவில்லை. பூஞ்சை பிடித்த ஒரு தீவனச் செடியைத் தின்றதுதான் காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். 1933-இல் ஒரு விவசாயி, செத்த கிடேரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், அந்தத் தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு, கொட்டும் பனியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு பல வருடம் உழைத்து, அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதிலிருந்து வந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் அதை எலி மருந்தாக விற்றார்கள். 1954-இல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது.

எலியைக் கொல்லும் பொருளே சரியான அளவில் மனிதரைக் காப்பாற்றுகிறது. அளவு குறைந்தால் ரத்தம் கட்டும். அளவு கூடினால் ரத்தம் கசியும். அளவுதான் இங்கே எல்லாம்.

ஐ.என்.ஆர். என்றால் என்ன?

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைதான் ஐ.என்.ஆர். மாத்திரை சாப்பிடாதவருக்கு இது சுமார் 1 இருக்கும். மாத்திரை சாப்பிடுகிற பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சில வால்வுக்காரர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை வைப்பார்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள்.

எடை போடும் தராசு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ரத்தக்கட்டி, இன்னொரு பக்கம் ரத்தக்கசிவு. முள் நடுவில் நிற்க வேண்டும். குடி அந்த முள்ளை இரண்டு பக்கமும் ஆட்டுகிறது.

குடித்தால் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரே நாளில் நிறையக் குடித்தால்: மாத்திரையையும் மதுவையும் கரைத்து வெளியேற்றுவது ஒரே கல்லீரல்தான். மது நிறைய வந்தால் மாத்திரையைக் கரைக்கும் வேலை தாமதமாகிறது. மாத்திரை உடம்பிலேயே தங்குகிறது. ஐ.என்.ஆர். ஏறுகிறது. ரத்தக்கசிவு ஆபத்து.

தினமும் நிறையக் குடித்தால்: கல்லீரல் பழகிப்போய் மாத்திரையைச் சீக்கிரமே கரைத்துவிடலாம். ஐ.என்.ஆர். இறங்குகிறது. மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் கட்டும் ஆபத்து.

பல வருடம் குடித்துக் கல்லீரல் கெட்டால்: ரத்தம் கட்டத் தேவையான சத்துகளையே கல்லீரலால் செய்ய முடியாது. அப்போது அதே பழைய அளவு மாத்திரை கூட அதிகமாகிவிடும்.

இதோடு முடியவில்லை. குடி வயிற்றைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணில் ரத்தம் கசிந்தால் எளிதில் நிற்காது. குடித்தவர் சரியாகச் சாப்பிட மாட்டார். மாத்திரை போட்டோமா இல்லையா என்று மறப்பார். கீழே விழுவார். நம் மலை மேடு பள்ளம் நிறைந்தது. மிளகு பறிக்க மரத்தில் ஏணி சாய்த்து ஏறுகிறோம். 70 கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிறோம். சாதாரண ஆளுக்குத் தலையில் வீங்கி ஆறிவிடும் அடி, இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மண்டைக்குள் ரத்தம் கசியும் அடியாக மாறலாம்.

‘கொஞ்சம்தான் குடிச்சேன்’ – கொஞ்சம் என்றால் எவ்வளவு?

“கொஞ்சமா குடிக்கலாம்னு டாக்டரே சொன்னாரு” என்று சிலர் சொல்வார்கள். கல்லீரல் நன்றாக இருந்து, ஐ.என்.ஆர். நிலையாக இருப்பவருக்கு, ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு அளவுக்கு மேல் போகக் கூடாது என்று சில டாக்டர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் ஒரு அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால். நம் ஊர்க் கணக்கில் பாருங்கள்:

- பிராந்தி, விஸ்கி, ரம் 30 மில்லி – சுமார் ஒரு அளவு
- ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லி – சுமார் 6 அளவு
- ஸ்ட்ராங் பீர் பெரிய பாட்டில், 650 மில்லி – சுமார் 4 அளவு
- கள்ளச்சாராயம் – அளவே சொல்ல முடியாது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்ததை நாம் மறக்கவில்லை.

ஆக, ஒரு குவாட்டர் என்பது ‘கொஞ்சம்’ இல்லை. ‘வாரம் முழுக்கக் குடிக்கல, ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு குவாட்டர்’ என்பதும் ‘கொஞ்சம்’ இல்லை. தராசு முள்ளை அதிகம் ஆட்டுவது இப்படி மொத்தமாகக் குடிப்பதுதான். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. கல்லீரல் நோய், வயிற்றுப் புண், ஏற்கெனவே ரத்தக்கசிவு வந்தவர்கள், கூடவே ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல் சாப்பிடுகிறவர்கள், ஐ.என்.ஆர். ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர்கள் – இவர்கள் ஒரு சொட்டும் தொடக் கூடாது.

குடிப்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இப்போது அந்த ஆடிப் பதினெட்டு வீட்டுக்கு வருவோம். ‘ரெண்டு நாள் மாத்திரை வேணாம்’ என்றால் என்ன ஆகும்? அசிட்ரோமின் வேலை இரண்டு மூன்று நாளில் குறைந்துவிடும். ரத்தம் பழையபடி கட்டத் தொடங்கும். செயற்கை வால்வில் கட்டி உட்கார்ந்துவிட்டால் பக்கவாதமோ மரணமோ வரலாம். மாத்திரையையும் நிறுத்தி, மதுவையும் குடித்தால் இரட்டை ஆபத்து.

அதனால் இதை மனதில் வையுங்கள்: நிறுத்த வேண்டியது குடியை. மாத்திரையை அல்ல.

அவர் குடித்துவிட்டே வந்தாலும், வழக்கமான மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கூட்டவும் வேண்டாம். அடுத்த நாளே டாக்டரிடமோ செவிலியரிடமோ சொல்லி, ஐ.என்.ஆர். பார்க்கலாமா என்று கேளுங்கள். கீழே விழுந்து அடிபட்டிருந்தாலும், எங்காவது ரத்தம் வந்தாலும் அது வேறு விஷயம். அப்போது நேராக ஆஸ்பத்திரிதான். மாத்திரையை என்ன செய்வது என்று அங்கே முடிவு செய்வார்கள்.

இன்னொன்று. டாக்டரிடம் குடியை மறைக்காதீர்கள். குடியால் ஐ.என்.ஆர். குறைந்திருக்கிறது என்று தெரியாமல் டாக்டர் மாத்திரையைக் கூட்டினால், பிறகு குடிக்காத வாரத்தில் அதுவே அதிகமாகிவிடும். டாக்டர் திட்டுவார் என்று பயப்பட வேண்டாம். வெட்கத்தை விட உயிர் பெரியது.

போதை என்று படுக்க வைத்துவிடாதீர்கள்

குடித்தவர் தள்ளாடுகிறார், நாக்கு குழறுகிறது, வாந்தி எடுக்கிறார், எழுப்பினால் எழவில்லை. “சரக்கு ஏறிடுச்சு, தூங்கினா சரியாயிடும்” என்று நாம் விட்டுவிடுவோம். ஆனால் மூளையில் ரத்தம் கசிந்தாலும், கட்டி அடைத்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் விஷயத்தில் ‘போதைதான்’ என்று நாம் முடிவு செய்யக் கூடாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்:

- தலையில் அடி. வெளியே காயம் இல்லாவிட்டாலும், ஆள் நன்றாகப் பேசினாலும் போக வேண்டும்
- தாங்க முடியாத தலைவலி, வாந்தி, அசதியான தூக்கம், வலிப்பு
- வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் விழுவது, பேச்சு குழறுவது
- வாந்தியில் ரத்தம், அல்லது காபித் தூள் கலந்தது மாதிரி வாந்தி
- தார் மாதிரி கறுப்பாக மலம், அல்லது மலத்தில் ரத்தம்
- சிவப்பாகவோ பழுப்பாகவோ சிறுநீர்
- பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், காயத்து ரத்தம்
- வால்வு வைத்தவருக்குத் திடீர் மூச்சுத்திணறல், அல்லது வழக்கமாகக் கேட்கும் ‘டிக் டிக்’ சத்தம் மாறுவது

ஈறில் ரத்தம், அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்பு என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

நாம் இருப்பது மலை. கீழே இறங்கவே நேரம் பிடிக்கும். விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரமும் போய்விடும். ஆம்புலன்ஸில் ஏறியதும் முதலில் சொல்ல வேண்டியது: “இவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரு. குடிச்சிருக்காரு.” இரண்டையும் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிடுவது நீங்களாக இருந்தால்

சின்ன வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களில் பெண்கள் நிறையப் பேர். நம்மிலும் உடம்பு வலிக்கு என்று சாயங்காலம் கொஞ்சம் குடிப்பவர்கள் இருக்கலாம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மேலே சொன்னது எல்லாம் பெண்களுக்கும் பொருந்தும். ஒரே அளவு குடித்தாலும் பெண் உடம்பில் பாதிப்பு அதிகம்.

மாதவிலக்கில் வழக்கத்தை விட அதிகம் பட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பம் ஆக நினைத்தாலோ, நாள் தள்ளிப்போனாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். இந்த மாத்திரைகள் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கலாம். ஆனால் நீங்களாக நிறுத்தினால் உங்கள் உயிருக்கு ஆபத்து. டாக்டர்தான் மருந்தை மாற்றித் தருவார்.

கேள்வி – பதில்

*ஒரு நாள் மாத்திரை மறந்துட்டா?*
அதே நாளில் ஞாபகம் வந்தால் போடலாம். அடுத்த நாள் ஆகிவிட்டால், விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. நோட்டில் குறித்து, டாக்டரிடம் சொல்லுங்கள்.

*உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கலாமா?*
டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். குடியும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கொட்டலாம். இடுப்பில் போடும் ஊசியும் கேட்காமல் போடாதீர்கள். கடையில் வாங்கும் நாட்டு மருந்தையும் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

*கீரை சாப்பிடலாமா?*
சாப்பிடலாம். கீரையில் வைட்டமின் கே உண்டு. அதனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் கீரையே இல்லை என்று மாற்றாதீர்கள். எப்போதும் ஒரே மாதிரி சாப்பிடுங்கள்.

*புது மாத்திரைக்கு ரத்தப் பரிசோதனையே வேண்டாமாமே?*
அபிக்சபான், ரிவரோக்சபான், டபிகட்ரான் போன்றவற்றுக்கு அடிக்கடி ஐ.என்.ஆர். தேவையில்லை. ஆனால் உலோக வால்வு வைத்தவர்களுக்கு அவை ஆகாது. அவற்றைச் சாப்பிட்டாலும் குடித்தால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

*தினமும் குடிக்கிறவர் நாளையிலிருந்தே நிறுத்தலாமா?*
நிறுத்த வேண்டும். ஆனால் டாக்டர் உதவியோடு. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். வலிப்பில் விழுந்து அடிபட்டால் மறுபடியும் அதே ஆபத்து.

குடியும் ஒரு நோய்தான்

குடியை விட முடியாமல் தவிப்பது ஒரு நோய். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய்க்கு என்றே தமிழ்நாட்டில் முன்னோடியாக வந்தது. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் கேட்கலாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை சொல்வார்கள். 104-இலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

குடித்திருக்கும்போது வாதம் செய்யாதீர்கள். காலையில் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். பாட்டிலைப் பிடுங்கப் போய் நீங்கள் அடி வாங்க வேண்டாம். அடித்தால், மிரட்டினால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: அவர் குடிப்பது உங்கள் குற்றம் இல்லை. உங்களால் முடிந்தது ஆபத்தைக் குறைப்பது மட்டும்தான்.

நம் குழு என்ன செய்யலாம்?

1. உறுப்பினர் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். சொல்ல விருப்பம் இல்லாதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கேட்டதை வெளியே பேசவும் வேண்டாம்.
2. மாத்திரை பெயர், அளவு, எதற்காக, ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும், டாக்டர் போன் நம்பர் – இதை ஒரு அட்டையில் எழுதிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர் சட்டைப் பையில் வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் குழுவில் படித்த பெண் எழுதிக் கொடுக்கட்டும்.
3. மாத்திரை போட்டதும் காலண்டரில் ஒரு கோடு போடப் பழகுங்கள்.
4. சாயங்கால மாத்திரையும் குடிக்கும் நேரமும் ஒன்றாக வந்து மறந்துபோகிறது என்றால், மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
5. ரத்தப் பரிசோதனைக்கு மலை இறங்கும் பஸ் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் நாள் தள்ளிப்போகிறதா? அவசரக் கடனில் அதற்கும் இடம் கொடுங்கள். சந்தைக்கு இறங்கும் நாளோடு பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம்.
6. மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்களில் பலர் நம் குழுப் பெண்கள்தான். அவர்களிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் இந்த வீடுகளைப் பற்றிச் சொல்லி வையுங்கள்.
7. விசேஷத்துக்கு முன் வாரமே அந்த வீட்டுக்கு இரண்டு பேர் போய்ப் பேசுங்கள். சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள்: “அண்ணே, அவருக்கு ஊத்திக் கொடுக்காதீங்க. வால்வு வச்சிருக்கு.” ஊற்றிக் கொடுப்பவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் பலர் கேட்பார்கள்.

அந்த ஆடிப் பதினெட்டு வீட்டில் யாராவது ஒருவர், “மாத்திரையை விடாதீங்க, சரக்கை விடுங்க” என்று சொல்லியிருந்தால் போதும். சொல்வதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். வராத உறுப்பினர் வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள்.